ஓவனா, தூண்டிலா

என் கணவர் குழாய் ரிப்பேர் செய்பவர். வாரம் முழுக்க ஊரார் வீட்டுத் தண்ணீரில் நனைகிற மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தண்ணீர்தான் வேண்டுமாம். கல்யாணமான புதிதில் ஒரு மூங்கில் கம்பு, ஒரு தக்கை, தோட்டத்து மண்புழு. செலவு என்று பார்த்தால் பஸ் டிக்கெட். சட்டி நிறைய மீன் வரும். நானும் வாயை மூடிக்கொண்டு பொரித்துப் போட்டேன்.

பிறகு ரீல் வைத்த தூண்டில் வந்தது. கூடவே புழுவுக்குப் பதில் மாட்டுகிற, மின்னுகிற தகர மீன்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ நிஜ மீன் விலை. பாதி ஏரிக்கடியில் வேரில் மாட்டி, போயே போச்சு. அடுத்து வாடகைப் படகு. அதில் கிடைத்தது ஒரே ஒரு மீனும் முதுகுவலியும். போன வாரம் வந்ததுதான் உச்சம்: இறகால் கட்டிய பொய்ப்பூச்சியை ஆற்றுக்குள் நின்று வீசுகிற ரகம். கம்பு, நூல், நெஞ்சுவரை ஏறும் ரப்பர் கால்சட்டை, எல்லாம் சேர்த்து, புது ஓவனுக்கு நான் எடுத்துவைத்த காசு. ஆர்டருக்குக் கேக் செய்து கொடுப்பவள் நான். பழைய ஓவன் ஒரு பக்கம் கருக்குகிறது, மறுபக்கம் மாவாகவே விடுகிறது.

"மீனாவது வருமா?" என்றேன்.

"இந்த ரகத்துல பிடிச்ச மீனைத் திரும்ப விட்டுடணும். அதான் மரியாதை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "செலவு ஏற ஏற மீன் இறங்குது. கடைசில மீனுக்கு நாம மரியாதை செய்யறோம்."

தூண்டில் கடைக்காரர் அவருடைய சிநேகிதர். திங்கட்கிழமைக்குள் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்வார். அதனால் பேசி முடித்தோம். ஞாயிறன்று இவர் ஒரு மீனைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் தூண்டில் தங்கும். இல்லாவிட்டால் ஓவன். மார்க்கெட்டில் வாங்கி வந்து ஏமாற்றிவிடுவாரோ என்று நானும் கூடப் போனேன்.

காலை முழுக்க வீசினார். பூச்சி மரக்கிளையில் மாட்டியது, அவர் தொப்பியில் மாட்டியது, ஒரு தடவை என் கொண்டையிலும் மாட்டியது. நான் கரையில் உட்கார்ந்து சமையலறையில் ஓவனுக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் பிடி, தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று தூண்டிலை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். வெடுக்கென்று ஒரு இழுப்பு.

விட்டிருக்கலாம். விட்டால் ஓவன் எனக்கு. கை கேட்டால்தானே? செருப்போடு ஆற்றில் இறங்கிவிட்டேன்.

"நூலை விடு, நூலை விடு" என்று ஓடிவந்தார்.

"நீங்க சும்மா இருங்க."

வழுக்கி உட்கார்ந்தேன். மடியில் மீன். முழங்கை நீளம். தூக்க வந்தவரும் வழுக்கிப் பக்கத்தில் விழுந்தார். இருவரும் தண்ணீரில் கிடந்து, மூச்சு முட்டுகிற அளவுக்குச் சிரித்தோம்.

அவர்தான் முதலில் அடங்கினார். "விட்டுடு. வீட்டுக்கு மீன் வரலேன்னா ஓவன் உனக்குத்தானே."

"என் மீனைத் தொட்டீங்க, நடக்கறதே வேற."

"அப்ப தூண்டில் எனக்கா?"

"நீங்க பிடிச்சாத்தானே உங்களுக்கு. இது நான் பிடிச்சது. தூண்டில் நாளைக்கே கடைக்குப் போகணும்."

நியாயம்தான் என்று தலையாட்டினார். முகம் தொங்கிப்போக, கம்பைத் துண்டு துண்டாகக் கழற்ற ஆரம்பித்தார். முதல் துண்டு கழன்றது. மீன் இழுத்த இழுப்பு என் கையில் இன்னும் மிச்சமிருந்தது. வெட்கத்தை விட்டு அவர் கையைப் பிடித்தேன்.

"பழைய ஓவன் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்" என்றேன். "மறுபடி மாட்டுங்க. அந்தப் பூச்சியை எப்படி வீசறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."