அளவுக்கு நின்றவன்

மருத்துவர் அண்ணனின் வலது கையைத் தூக்கி, பிடியை விட்டார். கை இறங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆணியில் மாட்டியதுபோல் அந்தரத்தில் நின்றது.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு நாள் இருக்கும், டாக்டர்" என்றாள் தங்கை.

உண்மையில் ஒன்பது நாள். அவள் தையற்காரி. அண்ணனின் காதுக்குள் குரல்கள் கேட்கத் தொடங்கிய ஆறாண்டுகளில் அளவெடுக்க அவன் ஒருமுறைகூட நின்றதில்லை; இவனுக்குத் தைப்பதும் காற்றுக்குத் தைப்பதும் ஒன்று என்று அவளே கேலி செய்திருக்கிறாள். ஒன்பது நாள் முன்பு நின்றான். தோளளவுக்குத் தூக்கிவிட்ட கை தூக்கியபடியே இருந்தது. மாத்திரை வேலை செய்கிறதென்று பூரித்துப்போனாள். சொன்ன பேச்சு கேட்கிறான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஊட்டிய கவளம் வாயிலேயே தங்கியபோதுதான் மருத்துவமனைக்குக் கூட்டிவந்தாள்.

இது அடக்கமல்ல, மனநோயில் உடம்பே உறைந்துபோகும் நிலை என்றார் மருத்துவர். பழைய மாத்திரையை நிறுத்தி, வேறோர் ஊசி எழுதினார்.

"ரெண்டு நாள்னா பயமில்லம்மா. அதுக்கு மேல அசையாம கிடந்திருந்தா, கால்ல ரத்தம் உறைஞ்சு நெஞ்சுக்கு ஏறிடும். நடக்க விடவே யோசிக்கணும்."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்பாரே என்று சொல்லாமல் விட்டாள்.

ஊசி போட்ட கால் மணி நேரத்தில் அண்ணனின் இமைகள் அடித்துக்கொண்டன.

"அளவு எடுத்தாச்சா? கையை இறக்கட்டுமா?"

அவளே பிடித்து இறக்கினாள். தொலைபேசியில் அப்பாவிடம், பேசுகிறான் என்பதற்கு மேல் சொல்ல வரவில்லை. பேசிவிட்டான், இனி எதற்கு நாள்கணக்கு என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டது.

அவனைக் கழிவறைக்கு நடத்திப்போகச் செவிலி வந்தாள். போர்வை விலகியது. இடது கெண்டைக்கால் வலதைவிட ஒரு விரற்கடை பருத்திருந்ததைத் தையற்காரியின் கண் அளந்துவிட்டது. "சிஸ்டர், கொஞ்சம்..." என்பதற்குள் அவன் எழுந்துவிட்டான். நான்காவது அடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

திரையை இழுத்தார்கள். வெளியே நின்று, ஒன்பது நாள் என்றாள். மறுபடியும் சொன்னாள்.

மருத்துவர் கையுறையைக் கழற்றியபடி வந்து, தாழ்ந்த குரலில் அண்ணனின் உயிர் போய்விட்டதைச் சொல்லிவிட்டுப் போன சற்று நேரத்தில், அப்பா படியேறி வந்தார். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிரிப்பு.

"பேசினானாமே. என்னம்மா சொன்னான்?"

"முதல்ல உட்காருங்கப்பா."

நடைக்கூடத்தில் ஒரே நாற்காலிதான் இருந்தது. அதிலிருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்தாள். தூசியில்லாத இருக்கையை உள்ளங்கையால் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.