தராசுக்காரரின் எடை

அந்தத் தெருவில் தராசுக்காரர் வீடு எதுவென்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். கடைத் தராசு, கிடங்குத் தராசு, தங்கம் நிறுக்கும் தராசு, எது மக்கர் பண்ணினாலும் அவரிடம்தான் வரும். அப்பேர்ப்பட்ட மனுஷனின் எடையைத் தெரிந்துகொள்ள அவர் மனைவி பட்ட பாடு இருக்கிறதே, அது எதிரிக்கும் வரக் கூடாது.

இரண்டு மாதம் முன்பு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். இதயம் பலவீனமாகிவிட்டது, ரத்தத்தைச் சரியாகத் தள்ளவில்லை, அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது என்றார் டாக்டர். உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், நீர் மாத்திரையை விடக் கூடாது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையில்லை, நீர். நுரையீரலுக்குப் போனால் ஆளையே கொண்டுபோய்விடும், உடனே போன் பண்ணுங்கள் என்று அவளைப் பார்த்துத்தான் சொன்னார். டாக்டருக்கும் ஆள் தெரிந்திருக்கிறது.

நாலு நாளைக்கு முன்பு, வீட்டில் ஏறி நின்று பார்க்கும் தராசில் எழுபத்து நாலில் இருந்த முள் எழுபத்தாறுக்குத் தாவியது. அவள் போனை எடுப்பதற்குள் அவர் தராசைக் கவிழ்த்துவிட்டார்.

"ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. பாதி சோறுதான் சாப்பிடறேன், எடை எங்கேர்ந்து ஏறும்?"

திருப்புளியால் எதையோ திருகி மாட்டினார். மறுபடி எழுபத்து நாலு. தராசு விஷயத்தில் அவர் சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. அவளும் நம்பித் தொலைத்தாள்.

நாலு நாள் பொறுத்தாள். ஆனால் கண் இருக்கிறதே.

"ஏங்க, கணுக்காலைப் பாருங்க. அழுத்தினா குழி விழுது."

"நாள் பூரா உட்கார்ந்து வேலை செஞ்சா வீங்காதா?"

"தலையணை ஒண்ணு போய் மூணு ஆச்சு. படுத்தா மூச்சு வாங்குது. அதுவும் உட்கார்ந்து வேலை செஞ்சதாலயா?"

"எழுபத்து நாலு. நோட்டைப் பாரு. டாக்டர் எடையைத்தான் பார்க்கச் சொன்னார், தலையணையை எண்ணச் சொல்லல."

இந்த மனுஷனிடம் பேசித் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். தலையில் அடித்துக்கொண்டு அறையைப் பெருக்கப் போனாள். பெருக்குகிற சாக்கில் அவளே தராசில் ஏறி நின்றாள். அறுபத்தைந்து.

பத்து வருஷமாக அறுபத்தெட்டிலிருந்து இறங்காதவள் அவள். சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று கிலோ இளைத்துவிட்டேன், இவர் பின்னால் ஓடி ஓடியே இளைத்துவிட்டேன் என்று ஜாக்கெட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போகவில்லை. நேற்று எப்படிப் பிடித்ததோ அப்படியே பிடித்தது.

அப்படியானால் பொய் சொல்வது தராசுதான். அவருடைய வேலை அறைக்குப் போய் இருபது கிலோ எடைக்கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து தராசில் வைத்தாள். அரசு முத்திரை போட்ட கல். முள் பத்தொன்பதைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

"இங்க வாங்க!" அவள் போட்ட சத்தத்தில் அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். அந்தப் பத்தடிக்கே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"இது என்ன கல்லு? இருபதுதானே? உங்க தராசு ஏன் ஒரு கிலோவை முழுங்குது? அப்ப உங்க உடம்புல எத்தனை கிலோவை முழுங்கியிருக்கு? ஊருக்கெல்லாம் சரி பண்ற கைதானே அது?"

அவர் முள்ளைப் பார்த்து மனசுக்குள் கணக்குப் போட்டார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனைப் போட்டு அவர் கையில் திணித்தாள். "நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா மறுபடி ஸ்பிரிங் கதை வரும்."

எடுத்தது நர்ஸ். சத்தம் வெளியே கேட்டது. "இப்ப எடை எவ்வளவு சார்?"

"எழுபத்தேழு. அதுக்கும் மேல இருக்கும், சிஸ்டர்."

"எத்தனை நாளா ஏறுது? முன்னாடியே கவனிக்கலையா?"

"ஏழு நாள்ல மூணு கிலோ. கவனிச்சேன். ரெண்டு கிலோ ஏறின அன்னிக்கே, இவ சமையலறையிலிருந்து வந்து முள்ளைப் பார்க்கறதுக்கு முன்னாடியே, இந்தக் கல்லை வெச்சுப் பார்த்தேன். சரியா இருபது காட்டுச்சு. தராசுல கோளாறே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அப்புறம்தான் திருகினேன். தினமும் இவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு திருகு."

"உடனே கிளம்பி வாங்க. படுக்க வேண்டாம், சாய்ஞ்சு உட்கார்ந்தே வாங்க" என்றாள் நர்ஸ்.

போனைக் கீழே வைத்தார். "மறுபடி அங்க போனா திரும்ப மாட்டேன்னு தோணுச்சு. பயந்துட்டேன்."

இத்தனை நாள் பிடிவாதம் என்று நினைத்துச் சண்டை போட்டிருந்தாள். பக்கத்திலேயே நாலு நாள் ஒரு ஆள் தனியாகச் செத்துப் பிழைத்ததை அவள் பார்க்கவேயில்லை. வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து, வீங்கிய பாதத்தில் செருப்பை மாட்டப் பார்த்தாள். வார் எட்டவில்லை.

"ஏன் பேசாம இருக்கே?" என்றார் அவர். "திட்டேன்."

அவள் குனிந்து வாரை மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.