மேடேறிய வீடு

பல்செட் செய்பவரின் வீடு முதன்முதலாக மேடேறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வாசலில் லாரி நின்றிருந்தது. பாதிச் சாமான் ஏற்றியாகிவிட்டது. அவருடைய மைத்துனர் ஒரு காலை லாரியிலும் ஒரு காலை நிலைப்படியிலும் வைத்துக்கொண்டு பீரோவின் முனையைப் பிடித்திருந்த சமயத்தில், வீடு அவர் காலுக்கடியிலிருந்து நழுவி, ஒரு சாண் மேலே போய் நின்றது. மைத்துனர் மெத்தைமேல் விழுந்ததால் பல் எதுவும் போகவில்லை. போயிருந்தாலும் வெளியே அலைய வேண்டியிருந்திருக்காது.

அதுவரைக்கும் அந்த வீடு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. சரிவில் கட்டிய வீடு, கீழே ஓடை. ஒவ்வொரு மழைக்கும் விரற்கடை விரற்கடையாக வழுக்கியது. நகராட்சி இன்ஜினியர் வந்து வீட்டுக்குக் கீழே இரும்பு முளைகள் அடித்து, வீடு எந்த முளையைத் தொட்டிருக்கிறது என்று வருஷா வருஷம் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். உள்ளே தரை சாய்ந்திருந்தது. பட்டாணி உரித்தால் ஓடையை நோக்கி உருண்டது. கட்டில் கால்களைச் சுவரோடு கட்டி வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையைத் தரையோடு சேர்த்துத் திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். அப்படியும் தட்டு நகரும் என்பதால், இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டுதான் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிட்டார்கள்.

அந்தப் பெண்டாட்டி பஸ் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நிற்கக்கூடியவள். "நாள் பூரா பஸ்ல சாஞ்சு நிக்கிறேன். வீட்டுக்கு வந்தும் சாயணுமா?" என்று அவள் கேட்டபோதெல்லாம் அவர் தலையாட்டினார். அந்த வீட்டின் மேல் அவளுக்கும் ஆசைதான். சமையலறை ஜன்னலை அவளே இடம் பார்த்து வைத்தாள். ஆனால் மழை பிடித்தால் தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். கடைசியில் ஒருநாள் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அடுத்த மழைக்கு நான் இங்க இருக்க மாட்டேன். நீங்க வந்தா உங்களோட. வரலேன்னா தம்பி வீட்டுல நான் மட்டும்" என்றாள். தம்பி என்பது அந்த மைத்துனர்தான், டைல்ஸ் கடை வைத்திருப்பவர். சமதரையில் மாடி வீடு. மாடியில் ஒரு அறை காலி. ஒரே அறை என்பதால், ஒரு விஷயம் அவர்கள் யாரும் சொல்லாமலே தெளிவாக இருந்தது. கழுதைக்கு அங்கே இடமில்லை.

கழுதை என்பது யந்திரத்தின் பெயர். அந்தக் காலத்தில் காட்டில் வெட்டிய பெரிய மரங்களை இழுக்க, நீராவியில் ஓடும் இழுவை யந்திரம் ஒன்று இருந்தது. அதன் செல்லப்பெயர் அது. நிமிர்ந்து நிற்கும் கொதிகலன், முன்னால் இரும்புக் கயிறு சுற்றும் இரண்டு உருளைகள், அடியில் சறுக்குக் கட்டைகளாக இரண்டு முழு மரங்கள். சக்கரம் கிடையாது. இடம் மாற வேண்டுமென்றால், கயிற்றை எதிரே உள்ள மரத்தில் கட்டிவிட்டு, தன்னைத் தானே இழுத்துக்கொண்டு மலை ஏறும். பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில் கிடந்த பழைய பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்து பல்செட்காரர் வேறு ஆளாகிவிட்டார். பதினாறில் ஒரு பங்கு அளவில், கடையில் ஒரு பாகம்கூட வாங்காமல், அதைச் செய்வது என்று உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் சாப்பாட்டு மேசை.

செப்புக் குழாயை வெட்டிக் கொதிகலன் செய்தார். மெழுகில் உருச் செய்து, அச்சு மாவில் புதைத்து, உருக்கி வார்க்கிற பல்வேலையின் முறையிலேயே பல்சக்கரங்களை வார்த்தார். பல் கட்டும் மெல்லிய கம்பியை முறுக்கி இழுவைக் கயிறு திரித்தார். பழைய கட்டிலின் கால்கள் சறுக்குக் கட்டைகள் ஆயின. அரிசியளவு போல்ட்டுகளுக்கு ஆறு பக்கமும் அரம் போட்டார். படத்தில் யந்திரத்தின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. மறுபக்கத்துக்காக மாதக்கணக்கில் யோசித்து, ஒரு நாள் குளிக்கும்போது தெரிந்துகொண்டு, துண்டோடு வந்து வரைந்தார். துருவைக்கூட அளவு குறைத்துப் பூசினார். சட்டைப் பித்தான் அளவு அழுத்தமானியில் முள் பொருத்தினார். மைத்துனர் வரும்போதெல்லாம், "மாமா, கழுதை இன்னும் கத்தலையா? ஊருல எல்லாரும் வீட்டைக் காப்பாத்துவாங்க, நீங்க காட்டையே வெட்டுறீங்க" என்பார். அவளும் சிரிப்பாள். ஆனாலும் கொதிகலனைச் சுற்றித்தான் தட்டு வைப்பாள். ஒரு தடவையும் அதை நகர்த்தியதில்லை. நகர்த்தவும் முடியாது. தரை சாய்வில் அதுவும் வழுக்கியதால், நான்கு போல்ட் போட்டு மேசையோடு இறுக்கியிருந்தார்.

லாரி வந்த காலையில் யந்திரம் முடிந்திருந்தது. ஒரே ஒரு தடவைகூடப் பற்றவைத்ததில்லை. "பாகம் பாகமா கழட்டிப் பெட்டியில போடுங்க" என்றாள் அவள். அவர் துணியை எடுத்துக் கொதிகலனைத் துடைத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஒரு தடவை. ஒரே தடவை. நான் வெளிய நின்னு பாக்குறேன்" என்றாள். ஆணியில் மாட்டிய விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். தன்னைத் தானே இழுத்துக்கொள்வதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆகவே கம்பிக் கயிற்றை ஜன்னல் வழியாக விட்டு, பின்பக்கம் மேட்டிலிருந்த பெரிய மரத்தின் வேரில் அவள் கட்டினாள். ஸ்பிரிட் விளக்கு எரிந்தது. முள் ஏறியது. அவள் பழக்கதோஷத்தில் இரண்டு விசில் கொடுத்து, "போலாம் ரைட்!" என்றாள். அவர் நெம்புகோலைத் தள்ளினார். நான்கு போல்ட்டையும் கழற்ற மறந்திருந்தார்.

யந்திரம் மேசையை இழுத்தது, மேசை தரையை இழுத்தது, தரை வீட்டை இழுத்தது. தண்ணீர்க் குழாய் முனகியது, உடையவில்லை. மின்கம்பி தொய்வாக இருந்ததால் பிழைத்தது. அவள் ஒற்றை விசில் ஊத, எல்லாம் நின்றது.

மைத்துனரை மெத்தையிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டு அவள் உள்ளே வந்தாள். யந்திரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஏங்க, போல்ட்டைக் குறைச்சீங்க, கயித்தைக் குறைச்சீங்க, துருவைக் குறைச்சீங்க. பலத்தைக் குறைச்சீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது தானா குறைஞ்சிடும்னு நெனச்சேன்."

அவள் குனிந்து அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தாள். பிறகு, "தண்ணி இன்னும் இருக்கா உள்ள?" என்று கேட்டாள். இருந்தது. மைத்துனரும் லாரி டிரைவரும் ஏற்றியதையெல்லாம் இறக்கினார்கள். "நல்லா இருக்கே நியாயம், வீட்டைக் காலி பண்ண வந்தா வீடே காலி பண்ணிட்டுப் போகுது" என்று மைத்துனர் முதுகைத் தடவிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு ஏறியது. அவள் வெளியே நின்று விசில் கொடுத்தாள். அவர் உள்ளே நெம்புகோல் பிடித்தார். மரம் கிட்டே வந்ததும் கயிற்றை அடுத்த மரத்துக்கு மாற்றினார்கள். வாசல்படிகள் மட்டும் வீட்டோடு வராமல் பழைய இடங்களிலேயே தங்கின. தபால்காரர் அவற்றின் வழியாகவே ஏறி வரப் பழகிக்கொண்டார். வீடு இருந்த இடங்களில் புல் வெளுத்துக் கிடந்தது. இன்ஜினியர் வந்து பார்த்தார். கீழே இருந்த முளைகளைப் பிடுங்கிக் கொண்டுபோய் வீட்டுக்கு மேலே மேட்டில் அடித்துவிட்டு, "இவ்வளவு வேகம் வேண்டாம், அம்மா. என் முளை தீந்துடும்" என்று சொல்லிப்போனார். மைத்துனர் தன் கடையின் டைல்ஸ் ஒரு பெட்டி கொண்டுவந்து சமையலறைக்குப் பதித்துக் கொடுத்தார். பதிக்கும்போது கழுதையைத் தட்டிக்கொடுத்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

சில வருஷங்களில் வீடு உச்சிக்கு வந்து சமதரையில் உட்கார்ந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து ஓடை ஒரு நூலாகத் தெரிந்தது. அன்றைய மழைக்கு அவள் குறட்டை விட்டுத் தூங்கினாள். கட்டில் கால்களின் கயிற்றை அவிழ்த்தார்கள். பட்டாணி வைத்த இடத்தில் இருந்தது. அவர் மேசையின் திருகாணிகளைக் கழற்றப் போனபோது, "அது கெடக்கட்டும், உங்களுக்கு எப்ப எங்க போகத் தோணும்னு யாருக்குத் தெரியும்" என்று அவள் தடுத்துவிட்டாள்.

கழுதை இன்றும் மேசை நடுவில்தான் இருக்கிறது. உப்பு ஜாடி அதன் சறுக்குக் கட்டைமேல். தட்டு இப்போது அசைவதில்லை. ஆனாலும் இருவரும் இடது கையால் தட்டைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிடுகிறார்கள். அந்த வீட்டில் சாப்பிட உட்காரும் விருந்தாளிகளும், காரணம் கேட்காமல், அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள்.