முதல் தர உரிமக்காரர்

கெய்த்துவும் இன்னொருவனும் விஸ்டினைக் காரிலிருந்து இறக்கி, வெடிமருந்து அறை வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் சரிந்துவிடாமல் இடுப்பைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டினார்கள். பிறகு கெய்த்து, உணர்வற்றுப் போன அவருடைய வலது கையைத் தூக்கி, சுவரில் பதித்திருந்த செம்புத் தகட்டில் ஒரு தரம் அழுத்தினான். உடம்பில் தேங்கும் மின்சாரம் செம்பு வழியாக மண்ணுக்கு இறங்கிவிட வேண்டும்; அதைத் தொடாமல் யாரும் உள்ளே போகக்கூடாது.

"முதலாளி வந்தாச்சு. வேலையை ஆரம்பிங்கடா" என்றான் கெய்த்து.

எங்கள் மால்டாவில் புனிதரின் திருவிழாவுக்கு வாணம் செய்வது கூலி வேலை அல்ல. தச்சரும் வங்கி குமாஸ்தாவும் வேலை முடிந்த பிறகு வயல்வெளித் தொழிற்சாலைக்கு வந்து, வருடம் முழுக்கச் சும்மா உழைக்கிறார்கள். தொழிற்சாலை என்றாலும் அது தனித்தனிக் கல் அறைகள்தான். ஓர் அறை வெடித்தால் அடுத்தது தப்பிக்கும் அளவுக்கு இடைவெளி விட்டுக் கட்டியிருக்கும். சுவர் தடிமனாகவும் கூரை இலேசாகவும் இருக்கும். வெடிப்பு மேலே போக வேண்டும், பக்கவாட்டில் போகக்கூடாது. இரும்புக் கருவி உள்ளே வராது. பொறி பறக்காத செம்பும் மரமும்தான். பெரிய குண்டு ஒன்றைச் செய்ய, வண்ண மருந்து உருண்டைகளை அடுக்கி, நடுவில் பிளக்கும் மருந்தை வைத்து, பசை தடவிய காகிதத்தைச் சுற்றிச் சுற்றிக் காயவிடுவார்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு விட்டால் வானத்தில் பாதிதான் விரியும்.

இவ்வளவுக்கும் மேலாகச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. மருந்து கலக்கும்போதும், வண்டியில் ஏற்றி இறக்கும்போதும் முதல் தர உரிமம் உள்ள ஒருவர் அங்கே இருக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் அப்படி இருவர் இருந்தார்கள். ஒருவர் மகனோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். மற்றவர் விஸ்டின். தவக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பக்கத்து ஊரில் உரிமக்காரர்கள் உண்டுதான். ஆனால் அவர்கள் வேறொரு புனிதரின் ஆட்கள். அவர்களிடம் போய்க் கேட்பதைவிட எங்கள் புனிதரின் சிலையைக் கடலில் இறக்கிவிடலாம் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை.

"இருக்கணும்னுதானே போட்டிருக்கு?" என்று சங்கக் கூட்டத்தில் கேட்டான் கெய்த்து. "பேசணும், நடக்கணும்னு போட்டிருக்கா?"

பக்கவாதம் விஸ்டினிடம் ஒரே ஒரு சொல்லை மிச்சம் வைத்திருந்தது. "வேணாம்." தொழிற்சாலையில் அது பெரிய வேடிக்கை.

"பெரியவரே, பஸ்டிஸ்ஸி சாப்பிடுறீங்களா?"

"வேணாம்."

"அப்ப எனக்கு ரெண்டு!"

அவருடைய மகள் மார்த்தெஸ் மதியம் சூப் எடுத்துக்கொண்டு வருவாள். உரிமம் இல்லாததால் தொழிற்சாலைக் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். கெய்த்து வாங்கிப்போய் ஊட்டுவான். அன்று அவள் சூப்பைக் கொடுக்காமல் நின்றாள்.

"கன்னியாஸ்திரிகள் நடத்துற முதியோர் இல்லத்துல கட்டில் கிடைச்சிருக்கு. குளிர்ச்சியான அறை. இந்த வெயில்ல உட்கார வெச்சா இன்னொரு தடவை வந்துடும்னு டாக்டர் சொல்லிட்டார், கெய்த்து. அப்பா நிம்மதியாப் போகட்டுமே."

"சனிக்கிழமை திருவிழா. ஞாயித்துக்கிழமை நானே தூக்கிட்டுப் போய்ப் படுக்க வைக்கிறேன்."

"அதுவரைக்கும் தாங்கலைன்னா?"

"உங்கப்பாவை எங்களுக்குத் தெரியாதா? கட்டில்ல கிடந்து சாகுற ஆளா அவரு?" அவன் குரலைத் தாழ்த்தினான். "இந்த வருஷம் வானம் இருட்டாக் கிடந்தா பக்கத்து ஊர்க்காரனுங்க மாடியில நின்னு கைதட்டுவானுங்க. உனக்கு அது பரவாயில்லையா, சொல்லு."

அவள் சூப்பைக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை சோதனைக்கு அதிகாரி வந்தார். தராசையும் மணல் வாளிகளையும் பார்த்துவிட்டு நாற்காலியின் முன்னால் குனிந்தார்.

"எப்படி இருக்கீங்க? எல்லாம் ஒழுங்கா நடக்குதா?"

விஸ்டின் இடது கையால் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்" என்றார். "வேணாம். வேணாம்." கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"குளோரேட்டோட அலுமினியப் பொடி சேர்க்கலாமான்னு இப்பத்தான் சார் அவரைக் கேட்டேன்" என்று சிரித்தான் கெய்த்து. "எப்படித் துடிக்கிறார் பாருங்க!"

அந்தக் கலவை கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தரும். ஆனால் லேசாக உரசினாலே போதும், அறை இருக்காது. அதனால்தான் தடை. அதிகாரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "எல்லா ஊர்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா எனக்கு வேலையே இருக்காது" என்றபடி, கிழவரின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் சட்டையிலிருந்து எடுத்துவிட்டார்.

கதவருகே நின்ற மார்த்தெஸை அவர் கடந்து போனார். அவள் அவருக்கு வணக்கம் சொன்னாள். விலகி வழிவிட்டாள்.

சனிக்கிழமை காலை வண்டி கிளம்பியது. குண்டுகள் மரப்பெட்டிகளில், திரிகளுக்கு உறை போட்டு, அசையாதபடி இறுக்கப்பட்டிருந்தன. நான்கு மூலையிலும் சிவப்புக் கொடி, முன்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள். ஏற்றிய வண்டி ஊரையொட்டி எங்கும் நிற்கக்கூடாது. என்ன நடந்தாலும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முன் இருக்கையில் விஸ்டினை உட்கார வைத்து வார்ப்பட்டையால் கட்டியிருந்தார்கள். மார்த்தெஸ் தன் காரில் பின்தொடர்ந்தாள்.

ஊர் எல்லையில் சங்கத்துப் பெண்கள் மாடிகளில் காத்திருந்தார்கள். வண்டி தெரிந்ததும் காகிதத் துணுக்குகளை மூட்டை மூட்டையாகக் கொட்டினார்கள். "விஸ்டின்! விஸ்டின்!" என்று கத்தினார்கள். முன்னால் போன வண்டியின் ஜன்னலில் அப்பாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்ததை மார்த்தெஸ் பார்த்தாள். ஓட்டிக்கொண்டிருந்த கெய்த்துவின் கை நீண்டு வந்து அதை நிமிர்த்தியது. தலை மறுபடி சாய்ந்தது. கை மறுபடி வந்தது. இந்த முறை அங்கேயே தங்கிவிட்டது. அவள் ஹாரன் அடித்தாள். திருவிழா உற்சாகம் என்று நினைத்து மாடியிலிருந்தவர்கள் கையசைத்தார்கள்.

வாணம் விடும் வயலில் கயிறு கட்டியிருந்தார்கள். உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அதைத் தாண்டலாம். அவள் கயிறுவரை ஓடி நின்றாள். கெய்த்து வண்டியிலிருந்து இறங்கி அவளைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு பெட்டிகளின் பக்கம் போனான்.

"உள்ள உட்கார்ந்திருக்கிறவர் யாரும்மா?" என்று கயிற்றருகே நின்ற போலீஸ்காரர் கேட்டார். "இறக்கும்போது உரிமக்காரர் இருக்கணும். இல்லேன்னா வண்டியை அப்படியே திருப்பி அனுப்பணும்."

எட்டு பேர் முதல் பெட்டியில் கைவைத்தபடி அசையாமல் அவளையே பார்த்தார்கள்.

"எங்கப்பா" என்றாள் மார்த்தெஸ். "அவர்தான் உரிமக்காரர். வெயில் அசதி. கண்ணைத் திறந்துட்டே தூங்குவார்."

போலீஸ்காரர் தலையாட்டிவிட்டு நிழலுக்கு நகர்ந்தார். பெட்டிகள் இறங்கத் தொடங்கின. திறந்திருந்த ஜன்னலில், விஸ்டினின் இடது கண்ணின் மேல் ஒரு மஞ்சள் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. கடற்காற்று அதன் ஒரு முனையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, மறுபடி கண்மணியின் மேலேயே படிய வைத்துக்கொண்டிருந்தது.