ரேட்டுக்கும் பதிலுக்கும் நடுவில்

ஜோய்ச்சன் போனை வைத்த பிறகுதான் அவர் சொன்னது பாண்டீஸ்வரிக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. பன்னீர் திராட்சை கிலோ ஐம்பத்திரண்டு. அறுபதுக்குக் கீழே இறங்காதே என்று முதலாளி வேல்பாண்டி காலையிலேயே சொல்லியிருந்தார். 'கட்டாது சேட்டா' என்கிற இரண்டு வார்த்தை தொண்டைக்கு வந்தபோது மறுமுனையில் ஆள் இல்லை. "எந்தா மோளே, ஒந்நும் மிண்டாத்தே? என்னா சரி, உறப்பிச்சு" என்று, அவள் பேசாததையே சம்மதமாக எடுத்து உறுதி செய்துவிட்டு அந்தக் கோட்டயத்து வியாபாரி வைத்துவிட்டார். இவள் வாயே திறக்கவில்லை. லோடு விலை முடிந்துவிட்டது.

அந்தத் திராட்சை மண்டியில் விலை பேசுகிற முறை அப்படி. வாங்குகிறவர் ரேட்டைச் சொன்னதும், கட்டாது என்றால் அவர் அடுத்த மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். சும்மா இருந்தால் சம்மதம். எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. முடிந்த விலையை மாற்றிப் பேசுகிற மண்டியின் போனை அடுத்த சீசனில் எவரும் எடுக்க மாட்டார்கள்.

பாண்டீஸ்வரிக்குப் பேச்சு முதலில் வெறும் சத்தமாகத்தான் வரும். பிறகு வார்த்தையாகும், அதற்கும் பிறகு அர்த்தமாகும். அர்த்தமான பின் பதிலைத் தேடி எடுக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் எதிரே இருப்பவர் முகத்தைச் சுளித்திருப்பார், இல்லை எழுந்து போயிருப்பார். கல்லூரியில் வைவா முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எல்லாக் கேள்விக்கும் பதில் வரிசையாக வரும். அவளைத் திட்டியவர்களுக்கெல்லாம் அவள் நறுக்கென்று பதில் சொன்னது அனுமந்தன்பட்டி பஸ்ஸுக்குத்தான் தெரியும். மதுரையில் ஒரு டாக்டரம்மா பல தடவை வரவழைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, இது ஆட்டிசம், உனக்குப் பிறவியிலேயே இருக்கிறது, புத்தியில் குறை ஒன்றுமில்லை, நேரம்தான் வேண்டும் என்றார். அம்மா கருத்தம்மாள் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். வீட்டிலேயே முதல் டிகிரி மகளுடையது. அதன்மேல் இப்படி ஒரு பேர் வந்து உட்கார்ந்துவிட்டதே என்று. பாண்டீஸ்வரிக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருசம் மக்கு, செவிடு, திமிர் பிடித்தவள் என்று சொன்ன ஒவ்வொரு வாயையும் நினைத்து ஆத்திரம்தான் வந்தது.

வேலைக்குச் சேரும்போதே வேல்பாண்டியிடம் மறைக்காமல் சொல்லியிருந்தாள். "அது சின்னப் பிள்ளைகளுக்கு வர்றதுல்ல?" என்று கேட்டுவிட்டு அவர் டீ சொல்லிவிட்டார். பில் போடுகிற வேலையில் இருந்தவள், போன் பார்த்த ஆள் நின்றுபோனதும் அந்த நாற்காலியைத் தானே கேட்டு வாங்கினாள். சின்ன வயதில் அம்மாவோடு குமுளி ஏலத்தோட்டத்தில் கிடந்ததில் மலையாளம் வரும். வியாபாரிகளிடம் ஒவ்வொருவராகச் சொல்லி ரேட்டை வாய்ஸ் மெசேஜில் அனுப்ப வைத்தாள். காதில் மாட்டி ரெண்டு மூணு தடவை கேட்டுவிட்டுப் பதில் போடுவாள். ஒன்றும் பிசகியதில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே வியாபாரம் பேசுகிற ஜோய்ச்சன் மட்டும்தான் மெசேஜுக்கு மசியவில்லை.

"என்ன ரேட்டுக்கு முடிஞ்சது?" என்று கேட்டான் எதிர் மேசை வினோத்ராஜ்.

சொன்னாள்.

"அடிப்பாவி! அம்பத்திரண்டுக்கா சரின்னு சொன்ன?"

"நான் சரின்னு சொல்லல."

"இல்லைன்னு சொன்னியா?"

"சொல்றதுக்குள்ள வச்சிட்டாக."

வினோத்ராஜ் வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தான். லோடுமேன்கள் திரும்பினார்கள். "மலைக்கு மேல சிக்னல் கிடைக்காத செல்லு மாதிரிப்பா இது. நாம பேசிட்டு, வீட்டுக்குப் போயி, சோறு தின்னப்பெறவுதான் இதுக்கு மணி அடிக்கும்."

அதற்கும் ஒரு பதில் அவளுக்குள் கிளம்பிக்கொண்டுதான் இருந்தது. அதற்குள் வேல்பாண்டி உள்ளே வந்துவிட்டார். வினோத்ராஜே எல்லாவற்றையும் சொன்னான். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"சரி, விடு. வாக்கு போயிருச்சு. சீனிச்சாமிகிட்ட மார்க்கெட் விழுந்துருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

சீனிச்சாமியின் தோட்டத்துப் பழம்தான் வெளியே ஏறிக்கொண்டிருந்தது. மனுசன் எதிர்த்த கடையில் வடையைப் பிட்டுக்கொண்டு, அறுபது வரும் என்ற நினைப்பில் உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, உன்னையக் குத்தம் சொல்லல. உனக்கு ஒத்து வரல, அம்புட்டுத்தான். நாளையில இருந்து பின்னாடி டிரே எண்ணுற எடத்துல இரு. அங்கன யாரும் உங்கிட்டப் பேச மாட்டாக. நிம்மதி." அவர் கையை நீட்டினார். "போனைக் குடு."

யாரும் பேசாத இடம். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு, கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவுகிற ஓரம், இங்கே டிரே எண்ணுகிற கொட்டகை. பாண்டீஸ்வரியின் காது மடல் கொதித்தது. போனைக் கொடுக்கவில்லை. ஜோய்ச்சன் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏய், என்ன பண்ற? முடிஞ்ச ரேட்டுக்குத் திரும்பப் போன் போடுவாகளா?" வினோத்ராஜ் எழுந்தேவிட்டான்.

"எந்தா மோளே? வண்டி விட்டோ?"

"சேட்டா, வண்டி போகல. அம்பத்திரண்டுக்கு நான் சரின்னு சொல்லல."

"நீ மிண்டாதெ நின்னில்லே? அது சம்மதமாணு. வாக்கு வாக்காணு மோளே! ஞான் அவிடெ ஆளுகளோட பறஞ்சு கழிஞ்ஞு! வேல்பாண்டி எவிடெ? அவனுக்கு…" அங்கே ஆட்களிடம் விலையைச் சொல்லி முடித்துவிட்டாராம். சத்தம் தடதடவென்று கொட்டியது. வேல்பாண்டியின் முகம் கறுத்தது. பாண்டீஸ்வரி குறுக்கே பேசவில்லை. குறுக்கே பேச அவளால் முடியவும் முடியாது. அவர் ஓயும்வரை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சேட்டா, நான் மிண்டாம நின்னது சம்மதம் இல்ல. யோசிச்சிட்டிருந்தேன். எனக்கு நீங்க சொன்னது உள்ள போயி வர்றதுக்கு நேரமாகும். நான் பொறந்ததே அப்படித்தான். அதுக்காக என் வாயில இல்லாத வார்த்தைய நீங்க எடுத்துக்கக் கூடாது." மேசை விளிம்பை விட்டாள். "இப்ப ஒரு ரேட்டு சொல்லுங்க. நான் பதில் சொல்றவரைக்கும் வைக்காதீங்க."

மறுமுனையில் மழையும் வண்டி வைப்பரும் கேட்டன. வண்டியை ஓரம் கட்டுகிற சத்தம். பிறகு, "அம்பத்தேழு. லாஸ்டாணு."

ஐம்பத்தேழு வெறும் சத்தமாக வந்து விழுந்தது. வேல்பாண்டி, சரின்னு சொல்லு என்று வாயசைத்தார். வினோத்ராஜ் கட்டை விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். வாயசைவும் கட்டை விரலும் சத்தத்தோடு சத்தமாகக் குழம்பின. பாண்டீஸ்வரி ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். "ஏத்தா, ஏத்தா!" என்று வேல்பாண்டி செருப்பு மாட்டாமல் பின்னால் வந்தார்.

முற்றத்தில் பாதி ஏற்றின லாரி. கதவுப் பலகையில் நின்றவன் கீழே கை நீட்டியபடி இருந்தான். கீழே இருந்தவன் ஒரு டிரேயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஏற்றவா வேண்டாமா என்று அவளையே பார்த்தான். டிரேயின் ஓட்டை வழியே திராட்சைச் சாறு அவன் முழங்கையில் கோடாக வழிந்தது. சீனிச்சாமி வடையைக் கையில் வைத்தபடி ரோட்டின் அந்தப் பக்கம் எழுந்து நின்றார். ஐம்பத்தேழு மெல்ல மெல்ல எண்ணாக மாறிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடி அதற்கு வழி விட்டாள். காதில் மழை பெய்துகொண்டே இருந்தது. ஜோய்ச்சன் ஒரு தடவை இருமினார். வைக்கவில்லை.