திறந்திருந்த குழாய்

மாமனாரின் மெத்தையைப் பின்வாசல் வெயிலுக்கு இழுத்துக்கொண்டிருந்தவளை நாத்தனார் வந்து தடுத்தாள். கூடத்தில் துக்கத்துக்கு வந்த ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அடிக்குரலில் கடிந்துகொண்டாள்.

"அக்கா, டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீங்கதானே?"

"கேட்டேன். அப்பாவுக்கு மாரடைப்பு, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ வீட்டுலயே காசநோயான்னு சிரிப்பாங்க. உன் மானத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

மருமகள் மெத்தையைக் கீழே விட்டாள். இருமல் இருக்கிறதா என்று அக்கம்பக்கத்துத் தெருக்களில் வீடு வீடாகக் கேட்டு, டப்பாவில் சளி வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்பும் சுகாதாரப் பணியாளர் அவள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மாமனார் அவளுக்கு வைத்திருந்த பெயர் சளி கலெக்டர். கொஞ்ச காலமாகவே அவர் குளிக்கப் போனால் லேசில் வெளியே வரமாட்டார். குழாய் கொட்டிக்கொண்டே இருக்கும். தொட்டி காலியாகிறதே என்று அவள் கதவைத் தட்டித் திட்டியிருக்கிறாள். அந்தத் தண்ணீர் எந்தச் சத்தத்தை மறைத்தது என்பது, நேற்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

இருவரும் கூடத்துக்கு வந்தபோது, அவரது உடலுக்குப் பக்கத்தில் அடுத்த தெரு வெல்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். போன வருடம் காசநோய் வந்து, மருமகள் கெஞ்சிக் கூத்தாடி மாத்திரை விழுங்க வைத்துக் குணமானவள். பெரியவருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தாள்.

"நெஞ்சுவலி," என்றாள் நாத்தனார்.

வெல்டரின் மனைவி மருமகளைப் பார்த்தாள். மருமகள் தலைகுனிந்துகொண்டாள்.

அப்போது நாத்தனாரின் தோளில் கிடந்த அவள் குழந்தை இருமியது. தாய் வேலைக்குப் போகும்போதெல்லாம் தாத்தாவின் மார்பிலேயே தூங்கி வளர்ந்த குழந்தை.

"மாமாவுக்குக் காசநோய்," என்றாள் மருமகள். "பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சு. வீட்டுல எல்லாரும் பரிசோதனை பண்ணிக்கணும். முதல்ல பாப்பாவுக்கு."

மருமகளின் கணவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். நாற்காலிகள் நகர்ந்தன. ஆளாளுக்கு ஒரு வேலை நினைவுக்கு வந்து கிளம்பினார்கள். வெல்டரின் மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை.

"பாப்பாவுக்கு எத்தனை நாளா இருமல் அக்கா?" என்று கேட்டாள் மருமகள்.

நாத்தனார் குழந்தையின் முதுகைத் தடவினாள்.

"ஒரு மாசம் இருக்கும்," என்றாள். "ராத்திரியிலதான் ஜாஸ்தி."

மருமகளின் முகத்தைப் பார்க்காமலேயே குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினாள்.