உலக்கை பிடித்தால் தலைசுற்றல்

கானா நாட்டுக் குமாசி நகர வானொலியில் காலைச் செய்தி வாசிக்கும் ஒச்செரேவுக்கு நான்கு மாதமாக ஒரு வினோதமான நோய். சாயங்காலம் ஃபூஃபூவுக்கு வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை இடிக்க உலக்கையைப் பிடித்து இருபது குத்துக் குத்தியதும் இடது கை கனக்கும், வீடு சுற்றும், உரலோரமே உட்கார்ந்துவிடுவார்.

"திங்கும்போது மட்டும் ஐயா தலை ஆடாம நிக்குது பாரு," என்பாள் மனைவி செர்வா.

பக்கத்துத் தெரு மருத்துவர் காதில் கோளாறு என்றார். மாத்திரையும் கழுத்துப் பயிற்சியும் கொடுத்தார். பலனில்லை. கடைசியில் செர்வாவே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள், பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று.

டாக்டர் ஜிஃபா இளம்பெண். தலையைத் திருப்பிப் பார்த்தாள், படுக்கவைத்துப் பார்த்தாள். சுற்றவில்லை. செர்வா உதட்டுக்குள் சிரித்தாள்.

"எப்பத்தான் சுத்துது?" என்றாள் டாக்டர்.

"இடிக்கும்போது, டாக்டரம்மா. வேற எப்பவுமே இல்ல," என்றார் ஒச்செரே.

டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு கையிலும் நாடி பார்த்தாள், இடதில் லேசாகத்தான் துடித்தது. ரத்த அழுத்தம் எடுத்தாள். வலதில் நூற்றைம்பது, இடதில் நூறு. மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து நீட்டினாள். "இதான் உலக்கை. இடிங்க."

ஒச்செரே வெறுந்தரையைக் குத்தினார். ஒரு நிமிடத்தில் முகம் வெளுத்துச் சாய்ந்தவரை முதலில் தாங்கியது செர்வாதான். "அடோமா அப்பா!" என்று மகள் பெயரைச் சொல்லி அழைத்தபோது அவள் குரலில் கேலி இல்லை.

ஸ்கேன் உறுதிசெய்தது. இடது கைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. "கை வேலை செஞ்சா மூளைக்குப் போற ரத்தத்தை அது திருடிக்குது. அதான் சுத்துது," என்றாள் டாக்டர்.

ஒச்செரே செய்தி வாசிக்கும் குரலில் முழங்கினார். "கேட்டியா செர்வா? நான் நடிக்கல!"

"ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்டு?" என்றாள் டாக்டர்.

முழக்கம் நின்றது. ஆறு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தவர், ஜன்னலைப் பார்த்தபடி, "பத்து... பன்னெண்டு," என்றார்.

"ஸ்டுடியோவுலயா?" என்றாள் செர்வா.

"மொட்டை மாடில," என்றார் ஈனஸ்வரத்தில்.

செர்வா அவர் சட்டைப்பையில் கைவிட்டு, பாக்கெட்டை எடுத்து டாக்டரின் குப்பைக்கூடையில் போட்டாள். "அடைப்பு எடுக்க எந்தத் தேதிம்மா? நானே கூட்டிட்டு வரேன். இவர் சொல்ற செய்திய இனிமே ஊரு நம்பட்டும், நான் நம்பப்போறதில்ல."

அடுத்த மாதம் குழாயில் ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழல் வைத்தார்கள். இடது மணிக்கட்டில் நாடி திரும்பியது. அதைத் தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பது செர்வாவின் வேலையாயிற்று. கூடவே அவர் விரல்களை மோந்தும் பார்த்தாள்.